கண்ணாடித் தொட்டிக்குள் கடல் நீர்

கடல் மீனை வீட்டில் வளர்க்க முடியுமா என்று மாணவர்கள் பலர் கேட்பதுண்டு. முடியும். ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? ஒரு நாள் மாலை கண்ணாடித் தொட்டி, ஒரு பொட்டலம் கடல் உப்பு, ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டு, ஆகிய மூன்றையும் ஒன்றாக வாங்கி வருகிறார்கள். இரவே நீரை நிரப்பி, உப்பைக் கொட்டிக் கலக்கி, மீனை விட்டுவிடுகிறார்கள். ஐந்தாறு நாட்களில் மீன் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, உணவைத் தொடுவதில்லை. பத்தாம் நாள் அது இறந்து கிடக்கிறது. தொட்டி நீரோ பளிங்கு போல் தெளிவாக இருக்கிறது. "நம் வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த மீனைக் கொன்ற பொருள் நீரிலேயே கரைந்திருந்தது. அதற்கு நிறமில்லை, அவ்வளவுதான். கடல் மீன் வளர்க்க விரும்புகிறவர் முதலில் வளர்க்க வேண்டியது நீரை. அதற்கு ஒரு மாதம், சில சமயம் ஒன்றரை மாதம் பிடிக்கும். அந்த ஒரு மாதத்தில் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது மீனைக் காட்டிலும் சுவையானது என்பது என் கருத்து. நான் இயற்பியல் கற்பிப்பவன்; உயிரியல் ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

கடல் நீர் என்பது எது?

ஒரு கிலோகிராம் கடல் நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் குளோரைடு 19.4 கிராம், சோடியம் 10.8 கிராம், சல்பேட்டு 2.7 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தலைக்கு 0.4 கிராம். இந்த ஆறுமே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் ஆகிவிடுகின்றன. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி வந்த 'சேலஞ்சர்' என்னும் ஆராய்ச்சிக் கப்பல் பல இடங்களிலிருந்து நீர் கொண்டு வந்தது. அதில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மர் என்னும் வேதியியலார் பகுத்து ஆராய்ந்து, 1884இல் முடிவை வெளியிட்டார். திறந்த கடலில் எங்கே நீர் எடுத்தாலும், மொத்த உப்பு கூடலாம் அல்லது குறையலாம். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறுவதில்லை என்பதே அம்முடிவு. மீனும் நண்டும் பவழமும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பழகியது இந்த விகிதத்திற்குத்தான்.

அப்படியானால் சமையல் உப்பை 35 கிராம் கரைத்தால் போதாதா? போதாது. ஏன் என்பதைத் தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ ஓர் உப்பளத்தைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். பாத்தியில் கடல் நீர் சுண்டச் சுண்ட, முதலில் கால்சியம் கார்பனேட்டு படிகிறது. அடுத்து ஜிப்சம் படிகிறது. நீர் நன்றாகச் சுண்டிய பிறகுதான் சோடியம் குளோரைடு படிகமாகிறது. மக்னீசிய உப்புகள் கடைசிவரை கரைந்தே நிற்கின்றன. அந்தக் கசப்பு நீரை வடித்து அகற்றிவிடுகிறார்கள். ஆக, உப்பளத்தின் வேலையே கடல் நீரிலிருந்து ஒரே ஓர் உப்பை மட்டும் பிரித்தெடுப்பதுதான். நாம் தொட்டிக்குச் செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிரானது. பிரித்து விலக்கிய கால்சியத்தையும் மக்னீசியத்தையும் மீண்டும் சேர்க்க வேண்டும்.

இதைச் செய்து பார்த்தவர்களில் முன்னோடி பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கில இயற்கையறிஞர். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1853இல் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. கடலோ தொலைவில் இருந்தது. நீரைக் கொண்டு வருவது பெரும்பாடு. காஸ் 1854இல் சமையல் உப்பு, எப்சம் உப்பு எனப்படும் மக்னீசியம் சல்பேட்டு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கை மட்டும் கலந்து செயற்கைக் கடல் நீர் செய்தார். அதில் கடற்பாசிகளும் சிறு கடல் உயிர்களும் பிழைத்தன. இன்று மீன் கடைகளில் பைகளில் விற்கும் 'கடல் உப்புக் கலவை' அந்த நான்கோடு கால்சியம், பைகார்பனேட்டு, இன்னும் பல நுண்தனிமங்களும் சேர்ந்தது. தொடக்கநிலையினர் அதையே வாங்குவது நல்லது.

கடற்கரை ஊரிலிருப்பவர் கடலிலிருந்தே எடுக்கலாமா என்பீர்கள். எடுக்கலாம், ஆனால் துறைமுகம், ஆற்று முகத்துவாரம், சாக்கடை கலக்குமிடம் ஆகியவற்றுக்கு அருகில் எடுக்கக்கூடாது. மழைக்காலத்தில் வங்கக் கடலின் கரையோர நீர் நீர்த்துப் போயிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீர் கலக்கும் முறை

75 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரமுள்ள தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 35 செ.மீ. உயரத்திற்கு நிரப்பினால் 105 லிட்டர். மணலும் கல்லும் ஏறத்தாழ 15 லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நீர் 90 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இதைவிடச் சிறிய தொட்டி வேண்டாம். சிறு தொட்டி எளிது என்று பலர் எண்ணுகின்றனர், உண்மை நேர்மாறானது. நீர் குறைவானால் வெப்பமும் உப்பும் விரைவாக மாறும்.

குழாய் நீரில் குளோரின் இருக்கும். கிணற்று நீரில் சில ஊர்களில் நைட்ரேட்டு இருக்கும். செம்புக் குடத்தில் வைத்த நீர் நமக்கு நல்லது என்பார்கள். ஆனால் நண்டு, இறால், நத்தை வகைகளுக்குச் செம்பு கொடிய நஞ்சு. வீட்டில் ஆர்.ஓ. கருவி இருந்தால் அதன் நீரே சிறந்தது. குழாய் நீர்தான் கிடைக்கும் என்றால் மீன் கடைகளில் கிடைக்கும் 'ஹைப்போ' என்னும் சோடியம் தயோசல்பேட்டு குளோரினை நீக்கிவிடும்.

பிளாஸ்டிக் வாளியில் நீரை எடுத்து, அதில் உப்பைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். உப்பின் மேல் நீரை ஊற்றாதீர்கள். அப்படிச் செய்தால் அடியில் மிகச் செறிவான குழம்பு உண்டாகி, கால்சியம் கார்பனேட்டு வெண்மையாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. 90 லிட்டருக்குக் கணக்குப்படி 3.2 கிலோ போதும். ஆனால் கடைக் கலவையில் படிக நீரும் ஈரமும் சேர்ந்திருப்பதால் சற்றுக் கூடுதலாகவே பிடிக்கும். ஆகவே தராசை மட்டும் நம்பாமல், ஒரு நாள் முழுவதும் காற்றுக் குமிழி விட்டுக் கலக்கிய பிறகு ஹைட்ரோமீட்டரால் அளக்க வேண்டும்.

25°செ. வெப்பநிலையில் 35 கிராம் உப்புள்ள நீரின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.026. இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஹைட்ரோமீட்டரின் தண்டில் அது எந்த வெப்பநிலைக்கு அளவிடப்பட்டது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். 25°செ. எனப் போட்ட கருவியை மே மாதத்தில் 32°செ. நீரில் மிதக்கவிட்டால் என்னவாகும்? நீர் விரிவடைந்து அடர்த்தி குறைந்திருக்கிறது. கருவி இன்னும் ஆழமாக அமிழ்ந்து 1.024 என்று காட்டும். உப்பு குறைந்துவிட்டதாக எண்ணி மாணவர் லிட்டருக்கு 3 கிராம் வீதம் 270 கிராம் உப்பைக் கூடுதலாகப் போடுவார். நீரிலோ முன்பே சரியான அளவு உப்பு இருந்தது! எனவே ஹைட்ரோமீட்டரோடு ஒரு வெப்பமானியும் கட்டாயம் வேண்டும். அளவு எடுக்கும்போது இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீர் ஆவியாகும்; உப்பு ஆவியாகாது

லிட்டருக்கு மூன்று கிராம் உப்பு கூடினால் என்ன என்று கேட்கத் தோன்றும். உப்பிட்ட மாங்காய்த் துண்டுகள் நீர் விட்டுச் சுருங்குவதை அறிவீர்கள். கடல் மீனின் நிலையும் ஏறத்தாழ அதுவே. அதன் இரத்தத்தில் உள்ள உப்பு, கடல் நீரில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கே. ஆகவே சவ்வூடு பரவலால் அதன் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அதை ஈடுசெய்யக் கடல் நீரைக் குடிக்கிறது. கூடவே வரும் உப்பைச் செவுள்களிலுள்ள தனிச் செல்கள் வழியே வெளியேற்றுகிறது. இந்த வேலைக்கு ஆற்றல் செலவாகிறது. உப்பு கூடக் கூட மீனின் உழைப்பும் கூடும். மெதுவான சிறு மாற்றத்தை அது தாங்கும். திடீர் மாற்றத்தைத் தாங்காது.

நம் தொட்டியின் மேற்பரப்பு 3000 சதுர செ.மீ. நாளொன்றுக்கு 3 மில்லிமீட்டர் உயரம் நீர் ஆவியானால் 900 மில்லிலிட்டர் போகிறது. பத்து நாளில் 9 லிட்டர். கணக்கு எளிமைக்காக லிட்டருக்கு 35 கிராம் என்று கொண்டால், 90 லிட்டரில் இருந்த 3150 கிராம் உப்பு இப்போது 81 லிட்டரில் இருக்கிறது; அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 39 கிராம். குறைந்த 9 லிட்டருக்கு உப்பு நீரையே கலக்கி ஊற்றுகிறவர் உண்டு. ஊற்றினால் 315 கிராம் உப்பு புதிதாகச் சேரும். மூன்று முறை, அதாவது ஒரு மாதம், இப்படியே செய்தால் லிட்டருக்கு 45 கிராமைத் தாண்டிவிடும்! ஆவியானது வெறும் நீர். எனவே ஊற்ற வேண்டியதும் உப்பில்லாத நன்னீரே. தொட்டியின் வெளிப்புறத்தில் நீர்மட்டத்தில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, நாள்தோறும் அந்தக் கோடு வரை நிரப்பினால் போதும்.

ஆவியாதலில் நன்மையும் உண்டு. மண்பானை நீர் குளிர்வது போலவே தொட்டி நீரும் குளிர்கிறது. 900 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2200 கிலோஜூல் வெப்பம் வேண்டும். தொட்டி நீர் முழுவதையும் ஒரு டிகிரி குளிர்விக்க 370 கிலோஜூல் அளவுதான். வெளியிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருப்பதால் ஆறு டிகிரியும் குறையாது. என்றாலும், கோடையில் ஒரு சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறைவதைக் காணலாம். அப்போது நன்னீரை இன்னும் அதிகமாக ஊற்ற வேண்டிவரும். கோமாளி மீனுக்கு 25 முதல் 28°செ. வரை ஏற்றது.

வெப்பம் கூடினால் இன்னொரு தொல்லை, ஆக்சிஜன். 25°செ. வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீரில் 8.3 மி.கி. ஆக்சிஜன் கரையும், கடல் நீரில் 6.7 மி.கி. மட்டுமே. 30°செ. ஆனால் 6.2 மி.கி. எனக் குறைந்துவிடும். 1846ஆம் ஆண்டு வாக்கில் லண்டனில் கடல் பவழங்களை வீட்டில் வளர்த்த ஆன்னா தின் என்னும் பெண்மணி, திறந்த சன்னலருகே நின்று நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றும்படி வேலைக்காரப் பெண்ணை நாள்தோறும் ஏவினாராம். நம் ஊரில் தேநீர்க் கடைக்காரர் ஆற்றுவது போலத்தான்! இன்று அந்த வேலையை ஏர் பம்ப் செய்கிறது. குமிழியிலிருந்து கரையும் ஆக்சிஜனை விட, குமிழிகள் நீரைக் கலக்கி மேற்பரப்பைப் புதுப்பிப்பதால் கரைவதே அதிகம்.

மணல் செய்யும் வேலை

முதலில் சொன்ன மீன் ஏன் இறந்தது என்பதற்கு இப்போது வருவோம். மீன் உண்ணும் புரதத்தின் கழிவு பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. கடலில் அது கரைந்து மறைந்துவிடும். 90 லிட்டரில் எங்கே போகும்? நீரில் அமோனியா இரு வடிவங்களில் இருக்கிறது. அம்மோனியம் அயனியாக இருக்கும்போது தீங்கு குறைவு. அயனியாகாத அமோனியாவாக இருக்கும்போது செவுளுக்குள் எளிதில் புகும் நஞ்சு. பி.எச். மதிப்பு 7 உள்ள நன்னீரில் இந்த நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. கடல் நீரின் பி.எச். 8.2, அதில் நூற்றில் ஆறு ஏழு பங்காகிவிடுகிறது. ஒரே அளவு கழிவு, நன்னீர்த் தொட்டியை விடக் கடல் நீர்த் தொட்டியில் பத்து மடங்கு கொடிது.

இதைத் தீர்க்கும் வழி 1877இல் பிரான்சு நாட்டில் ஷ்லோசிங், மியூன்ஸ் என்னும் இருவர் செய்த ஆய்விலிருந்து தெளிவாகிறது. அவர்கள் மீன் வளர்க்கவில்லை. சாக்கடை நீரைத் தூய்மையாக்கும் வழியை ஆராய்ந்தனர். மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயின் வழியே சாக்கடை நீரை மிக மெதுவாகச் சொட்டவிட்டனர். ஏறத்தாழ இருபது நாட்கள் அமோனியா உள்ளே போனபடியே வெளியே வந்தது. பிறகு நைட்ரேட்டு தோன்றத் தொடங்கியது, அமோனியா மறைந்தது. இது வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டாமா? அடுத்து அவர்கள் குளோரோஃபார்ம் ஆவியைக் குழாய்க்குள் செலுத்தினர். நைட்ரேட்டு உண்டாவது நின்றுவிட்டது. குளோரோஃபார்மை அகற்றி, தோட்ட மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது ஊற்றினர். சில நாட்களில் மீண்டும் தொடங்கியது. மணலில் ஏதோ உயிர் வேலை செய்கிறது என்பது உறுதியாயிற்று. 1890இல் வினோகிராட்ஸ்கி அந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார். ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக்குகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. இரண்டாம் வகைக்குப் பழைய நூல்களில் நைட்ரோபாக்டர் என்ற பெயரைக் காண்பீர்கள். மீன் தொட்டிகளில் அவ்வேலையைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்பது 1990களின் பிற்பகுதியிலிருந்து தெரிய வந்தது.

உங்கள் தொட்டியும் அதே கண்ணாடிக் குழாய்தான். கிளிஞ்சல் மணலும் வடிகட்டியின் பஞ்சும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் இடங்கள். (பவழத் துண்டுகளைக் கடலிலிருந்து எடுத்து வராதீர்கள். பவழமும் கடற்குதிரையும் 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன.) மீனில்லாத தொட்டியில் ஒரு சிறு இறால் துண்டைப் போடுங்கள். அது அழுகும்போது அமோனியா உண்டாகும். மீன் கடையில் கிடைக்கும் டெஸ்ட் கிட்டால் இரண்டு நாளுக்கு ஒருமுறை அமோனியா, நைட்ரைட்டு, நைட்ரேட்டு மூன்றையும் அளந்து வரைபடத்தாளில் குறியுங்கள். முதலில் அமோனியாக் கோடு ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட்டுக் கோடு ஏறும். கடைசியாக அதுவும் இறங்க, நைட்ரேட்டு மட்டும் மேலே போய்க்கொண்டிருக்கும். முதல் இரண்டும் சுழியைத் தொட்டு அப்படியே நின்றால் தொட்டி தயார். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். நண்பர் ஒருவரின் நோயற்ற பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி ஈர மணல் கிடைத்தால் விரைவாக நடக்கும். தயிருக்கு உறை ஊற்றுவது போல.

இந்தப் பாக்டீரியாக்களை அறியாமல் கொல்கிறவர்கள் ஏராளம். வடிகட்டிப் பஞ்சு அழுக்காக இருக்கிறதே என்று குழாயடியில் வைத்துக் கசக்கிக் கழுவுகிறார்கள். குழாய் நீரின் குளோரின் ஒரு மாதத்து உழைப்பை ஒரே நிமிடத்தில் வீணாக்கும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில் இலேசாக அலசினால் போதும். மின்வெட்டும் கவனிக்கத்தக்கது. நீரோட்டம் நின்றால் வடிகட்டிக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியாக்களும் இறக்கும். மின்கலத்தால் இயங்கும் ஏர் பம்ப் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

நைட்ரேட்டுக்கு ஒரு கணக்கு

நைட்ரேட்டு அவ்வளவு கொடியதன்று. ஆனால் அது குவிந்துகொண்டே போகும். நைட்ரேட்டு உண்டாகும் வினையில் அமிலமும் பிறப்பதால் பி.எச். மெல்ல இறங்கும். இரண்டுக்கும் மருந்து, நீரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புதிதாகக் கலந்த கடல் நீரை ஊற்றுவதே. எவ்வளவு ஊற்றுவது? பதினைந்து நாளில் லிட்டருக்கு 10 மி.கி. நைட்ரேட்டு கூடுகிறது என்போம். ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், நைட்ரேட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு போகும். நைட்ரேட்டு 50 மி.கி. ஆகும்போது அகற்றுவதும் 10, சேர்வதும் 10. அதற்கு மேல் ஏறாது. பத்தில் ஒரு பங்கே மாற்றினால் 100 மி.கி. வரை ஏறித்தான் நிற்கும். பெருக்குத் தொடர் படித்தவர்கள் இதை வேறு வழியிலும் நிறுவிப் பார்க்கலாம். 100 மி.கி. நல்ல அளவன்று, ஆகவே ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 18 லிட்டர். உணவைக் குறைத்தால் சேரும் 10 மி.கி. என்பதே குறையும் என்பதையும் கவனியுங்கள். மீன் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் போடவேண்டாம்.

மீன் வருகிறது

வரைபடக் கோடுகள் சரியான பிறகு, முதலில் ஒரே ஒரு சிறு மீன். பாக்டீரியாக்களின் எண்ணிக்கை கழிவின் அளவுக்கு ஏற்பப் பெருக நாளாகும். இரண்டாவது மீனை இரண்டு மூன்று வாரம் கழித்து விடலாம். வாங்கும்போது பொரிப்பகத்தில் வளர்ந்த மீனா என்று கேளுங்கள். மண்டபம், விழிஞ்ஞம் ஆகிய இடங்களிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையங்கள் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியுள்ளன. அப்படி வளர்ந்த மீன் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது, கடலுக்கும் இழப்பில்லை.

மீன் வந்த பையைக் கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டால் வெப்பநிலை சமமாகும். பிறகு பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு குவளை வீதம் தொட்டி நீரை ஊற்றி வாருங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும். வெளியூரிலிருந்து பல மணி நேரம் பயணம் செய்து வந்த பையாயின் இந்த வேலையை நீட்டிக்க வேண்டாம். மூடிய பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் அங்கே சேர்ந்த அமோனியா தீங்கு குறைந்த அயனி வடிவில் இருக்கிறது. பையைத் திறந்து நம் நீரை ஊற்ற ஊற்ற பி.எச். ஏறி, அதுவே நஞ்சாக மாறும். அத்தகைய மீனைச் சில நிமிடங்களிலேயே வெளியே எடுத்துவிடுவது நல்லது. எப்படியிருந்தாலும் பையின் நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மீனை மட்டும் எடுத்து விடுங்கள். அன்று தொட்டியின் விளக்கை அணைத்து வையுங்கள். உணவு மறுநாள் காலை.